சந்தாவுக்கு அப்பால் ஒரு வருமானம்

நேயர்களுக்கு வணக்கம். மாதச் சந்தாவுக்கு மென்பொருள் தரும் நிறுவனங்கள், வாடிக்கையாளரின் கடையில் நடக்கும் ஒவ்வொரு விற்பனையிலிருந்தும் ஒரு சிறு பங்கை எப்படிப் பெறுகின்றன என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

கனடாவின் ஒட்டாவா நகரில் 2006-ல் தொடங்கிய ஷாப்பிஃபை, இணையத்தில் கடை திறப்பதற்கான மென்பொருளைச் சந்தாவுக்குத் தருகிறது. 2013-ல், இணையத்தில் பணம் பெற்றுத் தரும் ஸ்ட்ரைப் நிறுவனத்தின் துணையோடு, கடைக்காரர்கள் கார்டுப் பணத்தைத் தன் வழியாகவே பெறும் வசதியை அது கொண்டுவந்தது. 2015 வரை சந்தா வருமானமே பெரிதாக இருந்தது. மறு ஆண்டே, கார்டுக் கட்டணத்தைப் பெரும்பகுதியாகக் கொண்ட மற்றொரு பிரிவு அதை முந்திவிட்டது. 2023-ல் கிடைத்த சுமார் 706 கோடி டாலரில் சந்தாவின் பங்கு ஏறத்தாழ 184 கோடிதான்.

அமெரிக்காவில் ஒருவர் அத்தகைய கடையில் 100 டாலருக்கு ஒரு சட்டை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான கட்டணம் 2.9 சதவீதமும் 30 சென்டும் என்பதால், 3 டாலர் 20 சென்ட் பிடித்தம் போக, 96 டாலர் 80 சென்ட் கடைக்காரர் கைக்கு வரும். பிடித்த தொகையில் பெரும்பகுதி கார்டு கொடுத்த வங்கிக்கும், ஒரு சிறு பகுதி விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்புக்கும் போகிறது. பணத்தைக் கடைக்காரரிடம் கொண்டுசேர்க்கும் நிறுவனமும் தன் பங்கை எடுத்துக்கொண்ட பின் மிஞ்சும் சில்லறையே மென்பொருள் நிறுவனத்துக்கு உரியது. அந்தச் சில்லறையை அரை சதவீதம் என்று ஒரு கைக்கணக்குக்காகக் கொண்டால், மாதம் 20,000 டாலருக்கு விற்கும் கடையிலிருந்து 100 டாலர் வரும். சந்தா 39 டாலர் என்றால் அது அங்கேயே நிற்கும். கடை வளர வளர இந்த நூறு மட்டும் வளரும்.

ஆனால் ஒன்று. வருமானக் கணக்கில் 3 டாலர் 20 சென்டும் முழுதாக ஏறி, வங்கிக்குப் போனது செலவில் எழுதப்படும்போது, வருமானம் பெருத்தும் லாப விகிதம் மெலிந்தும் தெரியும். வேறு நிறுவனத்தின் வழியாகப் பணம் பெறும் கடைக்காரரிடம், அடிப்படைத் திட்டத்தில், ஷாப்பிஃபை 2 சதவீதம் கூடுதலாக வாங்குகிறது. வசதிக்கான விலை என்பதைவிட, வாசலில் வைத்த சுங்கச்சாவடி என்றே எனக்குத் தோன்றுகிறது.

மென்பொருள் நிறுவனம், பணம் பெற்றுத் தரும் வேறொரு நிறுவனத்திடம் கடைக்காரரை வெறுமனே சேர்த்துவிட்டுக் கமிஷன் வாங்கினால் பங்கு குறைவு, பொறுப்பும் குறைவு. பணத்தைத் தானே கையாளும் நிறுவனம், கடைக்காரர் யார் என்று ஆராய வேண்டும். கச்சேரிக்கு முன்கூட்டியே நுழைவுச்சீட்டு விற்ற ஒருவர், கச்சேரியை நடத்தாமல் கணக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டால், சீட்டு வாங்கியவர்கள் தத்தம் வங்கியில் முறையிட்டுப் பணத்தைத் திரும்பப் பெறுவார்கள். அந்த நஷ்டம் நடுவில் நின்ற நிறுவனத்தின் தலையில்தான் விழும்.

இந்த வழி எல்லா நாட்டிலும் ஒன்றுபோல் திறந்திருக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2015-ல், வங்கிக்குப் போகும் கட்டணத்துக்கு டெபிட் கார்டில் 0.2, கிரெடிட் கார்டில் 0.3 சதவீதம் என்று உச்சவரம்பு விதித்தது. இந்தியாவில் 2020 ஜனவரி முதல், வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக யுபிஐ மூலம் வரும் பணத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணமே வாங்குவதில்லை. மதுரை ஜவுளிக்கடைக்குப் பில் போடும் மென்பொருள் விற்பவர், அங்கே ஒரு நாளில் யுபிஐ வழியாக லட்ச ரூபாய் வந்தாலும் பங்கு கேட்க இடமில்லாமல், சந்தாவைக் கூட்டலாமா என்றுதான் யோசிக்க வேண்டியிருக்கிறது.