அட்வான்ஸ் வாங்கியவர் திவாலா? அமெரிக்க பாங்க்ரப்சி கோர்ட் ஆவணங்களை நீங்களே தேடலாம்

[திரையில்: பாதி இடித்த சமையலறை, பிளாஸ்டிக் ஷீட் போர்த்திய கேபினெட்டுகள்]

கிச்சனைப் புதுப்பித்துத் தருகிறேன் என்று 8,000 டாலர் அட்வான்ஸ் வாங்கிய கான்ட்ராக்டர் போனை எடுப்பதில்லை என்று வைத்துக்கொள்வோம். கொஞ்ச நாள் கழித்து யாரோ சொல்கிறார்கள், "அவர் மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டாராம்." உடனே வாட்ஸ்அப் குரூப்பில் விசாரிப்போம். அப்புறம் கூகுளில் அவர் பெயரைப் போடுவோம். "உடனடி ரிப்போர்ட்" என்று முப்பது நாற்பது டாலர் கேட்கிற ஏதாவது ஒரு தளம் முதலில் வந்து நிற்கும்.

அந்தத் தளத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம். அமெரிக்காவில் பாங்க்ரப்சி வழக்குகள் பொது ஆவணம். சட்டமே அப்படித்தான் சொல்கிறது. பெரும்பாலும் ஒரு டாலர் கூடச் செலவில்லாமல், வீட்டில் உட்கார்ந்தபடியே அசல் ஆவணத்தைப் பார்த்துவிடலாம். எங்கே தேடுவது, கிடைத்ததை எப்படிப் படிப்பது என்று இந்த வீடியோவில் பார்க்கலாம். படிப்பதுதான் முக்கியம். பெயர் கிடைத்ததும் நிறுத்திவிட்டுத் தங்கள் பணத்தைக் கேட்கிற வாய்ப்பையே இழப்பவர்கள் நிறைய.

[திரையில்: அமெரிக்க வரைபடம், கோர்ட் டிஸ்ட்ரிக்ட் எல்லைகளுடன்]

முதலில், எந்த கோர்ட்? கார் டிக்கெட், விவாகரத்து, வீட்டுப் பத்திரம் எல்லாம் கவுண்டி அலுவலகத்தில் இருப்பதால் இதுவும் அங்கேதான் இருக்கும் என்று பலரும் போய் விசாரிப்பார்கள். அங்கே இருக்காது. திவால் சட்டம் இயற்றும் அதிகாரத்தை அமெரிக்க அரசியல் சட்டம் காங்கிரஸுக்குத் தந்திருக்கிறது. அதனால் இது முழுக்க ஃபெடரல் கோர்ட் சமாச்சாரம். நாடு 94 ஃபெடரல் டிஸ்ட்ரிக்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பாங்க்ரப்சி கோர்ட்டுகள் 90. நியூஜெர்சி முழுவதும் ஒரே டிஸ்ட்ரிக்ட், நுவார்க், ட்ரென்டன், கேம்டன் என்று மூன்று ஊர்களில் அலுவலகம். டெக்சஸில் நான்கு டிஸ்ட்ரிக்ட். டாலஸ் பக்கம் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: இர்விங்கில் குடியிருப்பவரின் வழக்கு வடக்கு டிஸ்ட்ரிக்டில் வரும். அரை மணி நேர தூரத்தில் பிளேனோவிலோ பிரிஸ்கோவிலோ குடியிருப்பவரின் வழக்கு கிழக்கு டிஸ்ட்ரிக்டில் வரும். நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது கணக்கில்லை. கடன்பட்டவர், மனு போடுவதற்கு முந்தைய 180 நாளில் பெரும்பகுதி எங்கே வசித்தார் அல்லது தொழில் நடத்தினார் என்பதுதான் கணக்கு.

கம்பெனி என்றால் கதை வேறு. எந்த மாநிலத்தில் பதிவு செய்திருக்கிறதோ அங்கேயும் போகலாம், துணை நிறுவனம் ஒன்று ஏற்கெனவே வழக்குப் போட்ட இடத்துக்கும் போகலாம். நியூஜெர்சியில் இருந்த இரண்டு பெரிய கடைகளையே பாருங்கள். யூனியன் ஊரில் தலைமையகம் வைத்திருந்த பெட் பாத் அண்ட் பியாண்ட் 2023 ஏப்ரலில் நியூஜெர்சி கோர்ட்டிலேயே மனு போட்டது. வெய்ன் ஊரில் இருந்த டாய்ஸ் ஆர் அஸ் 2017 செப்டம்பரில் மனு போட்டது வர்ஜீனியாவின் ரிச்மண்டில். ஆகவே கம்பெனியைத் தேடும்போது உள்ளூர் கோர்ட்டில் இல்லை என்றதும் திவால் ஆகவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

[திரையில்: தொலைபேசி எண் 866-222-8029]

சரி, தேடுவோம். முதல் வழி போன். பாங்க்ரப்சி கோர்ட்டுகளுக்கென்று ஒரு தானியங்கி சேவை உண்டு, முற்றிலும் இலவசம். எண் திரையில் இருக்கிறது. மாநிலத்தைச் சொல்லி, பெயரையோ வழக்கு எண்ணையோ கொடுத்தால் மனு போட்ட தேதி, எந்த சாப்டர் (அதாவது எந்த வகை திவால் வழக்கு), வக்கீல் யார், வழக்கைக் கவனிக்க நியமிக்கப்பட்ட டிரஸ்டி யார், வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று குரல் வாசித்துவிடும். கணக்குத் திறக்க வேண்டாம், கார்டு வேண்டாம். "போட்டாரா, இல்லையா" என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்றால் வேலை இங்கேயே முடிந்தது.

ஆவணத்தைக் கண்ணால் பார்க்க பேசர் வேண்டும். ஃபெடரல் கோர்ட்டுகளின் அதிகாரப்பூர்வ ஆவணத் தளம் அது. முகவரி பேசர் டாட் யூ.எஸ்.கோர்ட்ஸ் டாட் கவ். பதிவு இலவசம். கிரெடிட் கார்டு கொடுத்தால் உடனே திறக்கும். கொடுக்காவிட்டால் குறியீடு தபாலில் வரும்.

கட்டணம் பக்கத்துக்கு 10 சென்ட். ஒரு ஆவணம் எத்தனை பக்கம் இருந்தாலும் 3 டாலருக்கு மேல் வாங்க மாட்டார்கள். மூன்று மாதத்துக்கு 30 டாலருக்குள் செலவு நின்றால் பில்லே கிடையாது. அதாவது ஒரு காலாண்டில் 300 பக்கம் வரை சும்மா பார்க்கலாம். ஒரு ஆள் வழக்குக்கு இது தாராளம். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: பெயர்த் தேடலுக்கு அந்த 3 டாலர் உச்சவரம்பு கிடையாது, எதுவும் கிடைக்காத தேடலுக்கும் 10 சென்ட் எழுதப்படும். "குமார்" என்று மட்டும் போட்டு நாடு முழுக்கத் தேடினால் பக்கம் பக்கமாக வந்து கொட்டும்.

பொது ஆவணத்தைப் பார்க்கக் காசு வாங்குவதே தப்பு என்பது என் கருத்து. அந்தக் கட்டணம் அளவுக்கு மீறியது என்று 2016-ல் போடப்பட்ட வழக்கு, 2024-ல் 12.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. கட்டணம் இன்னும் இருக்கிறது.

[திரையில்: பேசர் தேடல் பக்கம், பெயர்க் கட்டங்கள் பெரிதாக]

உள்ளே போனதும் "கேஸ் லொகேட்டர்" என்று ஒன்று இருக்கும். நாடு முழுவதும் ஒரே தேடலில் பார்ப்பது அதுதான். ஆனால் அது இரவில்தான் புதுப்பிக்கப்படும். இன்று காலை போட்ட மனு வேண்டும் என்றால் அந்தந்த கோர்ட்டின் பக்கத்துக்கே போய்த் தேட வேண்டும்.

நம் பெயர்கள் இங்கே கொஞ்சம் படுத்தும். அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், பாஸ்போர்ட்டில் இரண்டும் மாறி இருக்கும், ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு விசாவில் முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யு. (முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம்) என்று விழுந்திருக்கும். செந்தில் முருகன் என்பவர் முருகன் செந்திலாகவும் பதிவாகியிருக்கலாம். ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஆளுக்கு ஆள் மாறும். எனவே இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள். கடந்த 8 வருடத்தில் பயன்படுத்திய மற்ற பெயர்களையும் எழுதச் சொல்லி மனுவிலேயே ஒரு கேள்வி இருப்பதால், பழைய பெயரிலும் சிக்க வாய்ப்புண்டு.

அதே பெயர் கிடைத்துவிட்டது என்பதால் அதே ஆள் ஆகிவிடாது. மனுவில் முகவரி இருக்கும், சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி 4 இலக்கம் இருக்கும். முழு எண் பொது ஆவணத்தில் வராது. முகவரியை உங்கள் ஒப்பந்தத்தோடு ஒப்பிடாமல் யாரிடமும் வாய் திறக்காதீர்கள். பெயர் ஒத்துப்போனதற்காக ஒரு நல்ல மனிதர் "திவால் ஆசாமி" என்று ஊரில் பேசப்படுவது பெரிய அநியாயம்.

[திரையில்: மாதிரி டாக்கெட் ஷீட், பெயர்கள் மறைக்கப்பட்டவை]

இப்போது டாக்கெட். ஆஸ்பத்திரியில் கட்டில் முனையில் தொங்குகிற கேஸ் ஷீட் மாதிரி, வழக்கில் நடந்த ஒவ்வொன்றும் தேதிவாரியாக இதில் இருக்கும். மேலே வழக்கு எண். உதாரணமாக, 2008-ல் திவாலான லேமன் பிரதர்ஸ் வங்கியின் வழக்கு எண் 08-13555. முதல் இரண்டு இலக்கம் வருடம், மீதி வரிசை எண். பக்கத்திலேயே சாப்டர். 7 என்றால் மிஞ்சிய சொத்தை டிரஸ்டி விற்றுப் பங்கிடுவார். 13 என்றால் மூன்று முதல் ஐந்து வருடத்துக்குத் தவணைத் திட்டம். 11 பெரும்பாலும் கம்பெனிகளுக்கு.

அடுத்து யார் மனு போட்டது என்று பாருங்கள். கான்ட்ராக்டர் என்ற தனிமனிதரா, அவர் பதிவு செய்து வைத்திருக்கிற எல்.எல்.சி. கம்பெனியா? உங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது யார்? எல்.எல்.சி. மட்டும் மனு போட்டிருந்தால் கடன் வசூலுக்குத் தடை என்ற திவால் பாதுகாப்பு பொதுவாக உரிமையாளருக்குப் போகாது. அவர் மட்டும் போட்டிருந்தால் எல்.எல்.சி.க்குப் போகாது. இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனிக்காமல் கைகழுவிவிட்டுப் போனவர்கள் உண்டு.

பிறகு வழக்கின் நிலை. "டிஸ்சார்ஜ்" என்று இருந்தால் சட்டம் விலக்காத கடன்களிலிருந்து அவர் விடுபட்டுவிட்டார், இனி அவரிடம் வசூலிக்க முடியாது. "டிஸ்மிஸ்" என்றால் நேர் எதிர்: வழக்கு பாதியில் தள்ளப்பட்டுவிட்டது, கடன் அப்படியே நிற்கிறது, நீங்கள் மறுபடி கேட்கலாம். "குளோஸ்ட்" என்பது கோப்பை மூடிவிட்டார்கள் என்பது மட்டும்தான். கட்டாயப் பணமேலாண்மைப் பாடத்தை முடித்த சான்று தராததால் டிஸ்சார்ஜ் இல்லாமலே மூடப்படுகிற வழக்குகளும் இருக்கின்றன. அதனால் "குளோஸ்ட்" என்று பார்த்ததும் போகாமல், டிஸ்சார்ஜ் உத்தரவு என்று தனியாக ஒரு பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள்.

அடுத்து ஷெட்யூல்கள். ஷெட்யூல் ஏ/பி-யில் சொத்து, டி-யில் அடமானக் கடன், இ/எஃப்-இல் அடமானம் இல்லாமல் கடன் கொடுத்தவர்கள். இந்த இ/எஃப்-ஐத் திறந்து உங்கள் பெயர் இருக்கிறதா, முகவரி சரியா, தொகை சரியா என்று பாருங்கள். முகவரி தப்பாக இருந்தால் கோர்ட் நோட்டீஸ் வேறு யார் வீட்டுக்கோ போயிருக்கும். கூடவே நிதி விவகார அறிக்கை என்று ஒன்று இருக்கும். மனுவுக்கு முன்னால் யாருக்கு எவ்வளவு கொடுத்தார், எதை யார் பெயருக்கு மாற்றினார் என்பதை உறுதிமொழியோடு அதில் எழுதியிருக்க வேண்டும்.

ஷெட்யூல் ஐ, ஜே இரண்டிலும் அவர் சம்பளம், வீட்டுச் செலவு, பிள்ளைகளுக்கு ஆகும் செலவு வரை இருக்கும். இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்பில் போடாதீர்கள். ஆஸ்பத்திரி பில்லாலும் வேலை போனதாலும் இந்த வாசலுக்கு வந்தவர்கள் ஏராளம். கடனிலிருந்து மீள்வதற்குச் சட்டம் கொடுத்த வழி இது.

[திரையில்: ஃபார்ம் 309, தேதிகள் வட்டமிடப்பட்டவை]

உங்கள் பணத்துக்காகத் தேடுகிறீர்கள் என்றால், டாக்கெட்டின் தொடக்கத்திலேயே வரும் ஃபார்ம் 309 என்ற நோட்டீஸைக் கட்டாயம் திறங்கள். கடைசித் தேதிகள் எல்லாம் அதில்தான். கடன் கொடுத்தவர்களின் கூட்டம் எப்போது என்று இருக்கும். அதில் நீங்களும் கலந்துகொண்டு அவரிடம் கேள்வி கேட்கலாம். மோசடி செய்து பணம் வாங்கினார், அந்தக் கடனை மட்டும் டிஸ்சார்ஜில் சேர்க்கக் கூடாது என்று வழக்குப் போட, அந்தக் கூட்டத்துக்கு முதலில் குறித்த தேதியிலிருந்து 60 நாள்தான். அதற்கு வக்கீல் வைத்துக்கொள்வது நல்லது. பணம் வரவேண்டும் என்று கோருவதற்குத் தனிநபர் தானாகப் போட்ட சாப்டர் 7, 13 வழக்குகளில் பொதுவாக மனு போட்ட நாளிலிருந்து 70 நாள். சாப்டர் 7-இல் பெரும்பாலும் பங்கிட எதுவும் மிஞ்சாது. அப்படிப்பட்ட வழக்கில், இப்போதைக்குக் கோரிக்கை அனுப்ப வேண்டாம் என்று அந்த நோட்டீஸிலேயே எழுதியிருக்கும்.

அட்வான்ஸ் கொடுத்தவர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது, பலருக்குத் தெரியாது. வீட்டு உபயோகத்துக்காகப் பொருளுக்கோ சேவைக்கோ முன்பணம் கொடுத்து, அது கிடைக்காமல் போயிருந்தால், அந்தத் தொகையில் ஒரு பகுதிக்குக் கிரெடிட் கார்டு கம்பெனிகளுக்கு முன்னால் இடம் உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல் போடப்பட்ட வழக்குகளில் அது 3,800 டாலர் வரை. நம் உதாரணத்தில் 8,000-த்தில் 3,800 முன்வரிசை, மீதி 4,200 பின்வரிசை. கோரிக்கைப் படிவத்தில் அந்தக் கட்டத்தை டிக் செய்தால்தான் கணக்கில் எடுப்பார்கள்.

வழக்கு நடப்பது தெரிந்த பிறகு அவருக்குப் போன் போட்டோ மெசேஜ் அனுப்பியோ பணம் கேட்காதீர்கள். மனு போட்ட நொடியிலிருந்து வசூல் முயற்சிகளுக்குத் தடை. மீறினால் நீங்கள் நஷ்டஈடு கொடுக்க வேண்டி வரலாம்.

[திரையில்: கோர்ட் கட்டடத்தில் பொதுமக்களுக்கான கணினி]

காசே வேண்டாம் என்பவர்கள் கிளார்க் அலுவலகத்துக்குப் போகலாம். அங்குள்ள கணினியில் பார்ப்பது இலவசம், பிரிண்டுக்கு மட்டும் பக்கம் 10 சென்ட். ரீகேப் என்ற பிரவுசர் நீட்சியும் உண்டு. அதைப் போட்டிருப்பவர்கள் பேசரில் வாங்குகிற ஆவணங்கள் கோர்ட்லிஸனர் தளத்தில் எல்லோருக்கும் சேர்ந்துகொண்டே இருக்கின்றன, அங்கேயும் ஒருமுறை பாருங்கள். பெரிய கம்பெனி வழக்குகளுக்கு க்ரோல், ஸ்ட்ரெட்டோ, எபிக் மாதிரி நிறுவனங்கள் டாக்கெட்டை இலவசமாகவே வைத்திருக்கும். 1999-க்கு முந்தைய வழக்குகள் பெரும்பாலும் காகிதத்தில்தான். அதற்கு அந்த கோர்ட்டின் கிளார்க்கிடம் வழக்கு எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

கோரிக்கைப் படிவம் ஃபார்ம் 410. இதற்கு வக்கீல் அவசியமில்லை, கட்டணமும் இல்லை. பல கோர்ட்டுகளின் தளத்தில் பேசர் கணக்கு இல்லாமலே நேரடியாக நிரப்பி அனுப்பலாம். ஒப்பந்தம், செக் நகல் அல்லது பணம் மாற்றிய ரசீது இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். கணக்கு எண்ணில் கடைசி 4 இலக்கம் தவிர மற்றதை மறைத்துவிடுங்கள். நீங்கள் அனுப்புவதும் அதே பொதுப் பதிவேட்டில்தான் போய்ச் சேரும்.