செத்துப்போன கப்பிக்கும் குஞ்சு பிறக்கும்! வீட்டிலேயே விரும்பிய நிறத்தில் கப்பி எடுப்பது எப்படி?

இந்தத் தொட்டியை வடிவாகப் பாருங்கள். உள்ளே ஒரு ஆண் கப்பி மீன்கூட இல்லை. கடைசியாக இருந்த ஆண் எப்போதோ செத்துப்போய்விட்டது. இப்போது கமெராவைப் பாசிப் பக்கம் கொண்டுபோகிறேன்... தெரிகிறதா? குஞ்சுகள்! நேற்று இரவு போட்டவை. அப்பா இல்லாத வீட்டில் பிள்ளை எப்படி வந்தது? இது விளங்காமல் கப்பியில் இனம் எடுக்க இறங்கினால் காசும் போகும், மீனும் போகும். அதனால் ஓட்டிவிடாமல் பாருங்கள்.

வரலாறு கேட்பவர்களுக்கு ஒரே மூச்சில்: கப்பி ட்ரினிடாட், வெனிசுவேலாப் பக்கத்து மீன், 1859இல் பீட்டர்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி அதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தார், 1866இல் லண்டனில் இருந்த குந்தர் என்ற விஞ்ஞானி அதையே புது மீன் என்று நினைத்து, ட்ரினிடாட்டிலிருந்து அனுப்பிவைத்த லெச்மியர் கப்பியின் பெயரைச் சூட்டினார், பிறகு நுளம்புக் குடம்பியைத் தின்னும் என்று உலகம் முழுக்கக் கொண்டுபோய் விட்டார்கள். முடிந்தது, விஷயத்துக்கு வருவோம்.

பெண் கப்பி ஒருமுறை ஆணோடு சேர்ந்தால் போதும், ஆணின் விந்தணுக்களை உடம்புக்குள்ளேயே மாதக்கணக்கில் வைத்திருக்கும். நாங்கள் வங்கியில் நிலையான வைப்புப் போடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்: போட்ட ஆள் செத்தாலும் கணக்கு ஓடும். ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒருதரம் அதிலிருந்து எடுத்து எடுத்துக் குஞ்சு போடும். ட்ரினிடாட் ஓடைகளில் ஆராய்ச்சியாளர்கள் மீன்களுக்கு அடையாளமிட்டு, பரம்பரையலகைச் சோதித்து, எந்தக் குஞ்சுக்கு எது அப்பா என்று தேடியபோது செத்துப்போன ஆண்களுக்கும் பிள்ளைகள் பிறந்துகொண்டிருந்தன. அங்கே ஆண்களை விடப் பெண்களுக்கு ஆயுள் நீளம், அதனால் இது அபூர்வமான சங்கதியும் இல்லை. எனக்கென்றால் இதைக் கேட்டதிலிருந்து பெண் கப்பி மேல் ஒரு தனி மரியாதை.

சரி, இதனால் உங்களுக்கு என்ன? கடைக்குப் போய், வாலை விரித்துக்கொண்டு நிற்கும் சிவப்பு ஆண் ஒன்றையும் கொழுத்த பெண் ஒன்றையும் சோடியாக வாங்கி வருகிறீர்கள். வீட்டில் பிறக்கும் குஞ்சுக்கு அப்பா அந்தச் சிவப்பன்தான் என்று யார் சொன்னது? கடைத் தொட்டியில் அந்தப் பெண்ணோடு நின்ற எந்த ஆணாகவும் இருக்கலாம். பிறகு "கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று கொமென்டில் வந்து அழுவீர்கள். அந்த மனிதர் பாவம்.

ஆகவே இனம் எடுப்பதில் பாதி வேலை, ஆணே தொடாத பெண்ணைக் கையில் வைத்திருப்பதுதான். குஞ்சுகளுக்கு மூன்று வாரம் ஆனதும் தினமும் ஒருக்கால் பாருங்கள். வயிற்றுக்குக் கீழே, பின்பக்கம் இருக்கும் செட்டை விசிறிபோல விரிந்தே இருந்தால் பெண்; கூராகி ஒரு குச்சிபோல ஒடுங்கத் தொடங்கினால் ஆண், உடனே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். சந்தேகமாக இருப்பதையும் மாற்றுங்கள், இரக்கம் பார்க்கக் கூடாது. தொட்டி இல்லையென்றால் ரெஜிபோம் பெட்டி போதும். ஒரேயொரு ஆண் தப்பி நின்றாலும் அந்தப் பெண்கள் எல்லாம் கணக்கில் வராது.

இனி நிறத்துக்கு வருவோம். இதில் எனக்குப் பிடித்த மனிதர் ஒருவர் இருக்கிறார், யொஹானஸ் ஷ்மிட், டென்மார்க்காரர். விலாங்கு மீன் எங்கே போய் முட்டை போடுகிறது என்று அட்லாண்டிக் கடல் முழுக்க அலைந்தாரே, அதே ஆள்தான். வேலை செய்தது கார்ல்ஸ்பேர்க் பியர் கம்பனியின் ஆய்வுகூடத்தில்! பியர்க் காசில் 1920இல் அவர் கண்டுபிடித்தது: ஆண் கப்பியின் ஒரு வகைக் கறுப்புப் புள்ளி அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும்தான் போகிறது, அதாவது அது ஆணிடம் மட்டும் இருக்கும் வை (Y) நிறமூர்த்தத்தில் இருக்கிறது. இப்படிப்பட்ட நிறமென்றால் உங்களுக்கு வேலை சுகம், நல்ல அப்பாவைப் பிடித்தால் மகன்மார் அப்படியே வருவார்கள்.

ஆனால் எல்லா நிறமும் அப்படி இல்லை. கறுப்பு நிறமி இல்லாத சிவப்புக் கண் அல்பினோ வேண்டுமென்று அல்பினோ ஆணைச் சாதாரணப் பெண்ணோடு விட்டால், பிறக்கிற அத்தனையும் சாதாரண நிறம்தான். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் கோபம் வந்து எல்லாவற்றையும் கிணற்றில் விட்டுவிடுகிறார்கள். பொறுங்கள்! அது பின்னிடைவான இயல்பு, அதாவது அப்பா அம்மா இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும்; பள்ளிக்கூடத்தில் மெண்டலின் பட்டாணி படித்திருப்பீர்களே. அந்தக் குஞ்சுகளில் ஒரு பெண்ணை அப்பாவோடு திரும்பச் சேர்த்தால் சராசரியாகப் பாதி அல்பினோ வரும், அண்ணன் தங்கையைச் சேர்த்தால் காற்பங்கு வரும். மீனுக்கு முறை கிறை கிடையாது.

பெண்ணைத் தெரிவது கஷ்டம், ஏனென்றால் அதன் உடம்பில் நிறமே பெரிதாகத் தெரியாது. அதனால் அதன் அண்ணன் தம்பிமாரைப் பாருங்கள். கல்யாணம் பேசும்போது குடும்பத்தை விசாரிக்கிற எங்கள் ஆட்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை.

ஆணில் ஒரு விஷயம். முதலில் நிறம் வந்த குஞ்சைத்தான் எல்லோரும் ஓடிப்போய்ப் பிடிப்பார்கள். பிடிக்காதீர்கள். ஆண் கப்பி வயதுக்கு வந்ததும் வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுவிடும், கெதியாக நிறம் வந்தது சின்னதாகவே நின்றுவிடும். நான்கு மாதம் வரை பொறுத்து, உடம்பு பெரிதாக, முள்ளந்தண்டு நேராக, வாலைத் தூக்கிக்கொண்டு நீந்துவதை எடுங்கள். ஒரே குடும்பத்துக்குள்ளேயே கனகாலம் சேர்த்தால் கூனல் வரும், குஞ்சும் குறையும். இரண்டு தொட்டியில் இரண்டு வரிசையாக வளர்த்து இடைக்கிடை மாற்றிக் கலவுங்கள்.

தண்ணீரா? யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு கேட்கக்கூடாத கேள்வி. கேத்திலில் வெள்ளையாகப் படியும் எங்கள் சுண்ணாம்புக் கல் கிணற்றுத் தண்ணீர்தான் கப்பிக்கு வேண்டியது.

கழித்த மீன்களைக் குளத்திலோ வாய்க்காலிலோ விடாதீர்கள், அங்குள்ள சின்ன மீன்களின் இடத்தைப் பிடித்துவிடும். அயலில் யாருடைய சீமெந்துத் தொட்டியிலாவது நுளம்புக் குடம்பி நெளிந்தால் அங்கே கொடுங்கள், நன்றி சொல்வார்கள். அடுத்த வீடியோவில், குஞ்சுகளுக்குத் தீனியாகப் போடும் ஆர்ட்டீமியா என்ற பொடி இறாலைப் போத்தலில் பொரிக்க வைப்பது. போத்தல் எந்த அளவு என்று இப்போதே கேட்கிறவர்கள், முதலில் சப்ஸ்கிரைப் பண்ணிவிட்டுக் கேளுங்கள்.