இந்தத் தலைக்கவசம் எதற்குச் சாட்சி?

(மெல்பர்னில் ஒரு தமிழ்ப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெற்றோர்களே, ஆசிரியர்களே, பின்வரிசையில் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

என் கையில் இருப்பது என்னுடைய பழைய சைக்கிள் தலைக்கவசம். இடது காதுக்கு மேலே பாருங்கள், விரல் நுனி நுழையும் அளவுக்கு விரிசல். மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு மழை நாளில், பிரன்ஸ்விக் பகுதியில் டிராம் தண்டவாளத்தின் இடுக்கில் என் முன்சக்கரம் மாட்டிக்கொண்டது. கையை ஊன்றக்கூட நேரம் கிடைக்கவில்லை. சிதறுகாய் உடைக்கும் சத்தம் உங்களுக்குத் தெரியும். அந்தச் சத்தத்தை நான் என் தலைக்குள்ளிருந்து கேட்டேன். எழுந்து நின்று என் பெயரையும் வீட்டு முகவரியையும் எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அன்றிரவு அம்மாவிடம் தொலைபேசியில், "இது இல்லாவிட்டால் நான் இல்லை அம்மா" என்றேன்.

சென்ற மாதம் இந்தப் பள்ளி வாசலில் ஒரு தம்பி என்னைக் கேட்டார்: "அக்கா, நெதர்லாந்தில் ஒருவரும் இதைப் போடுவதில்லையாம். உண்மையிலேயே இது காப்பாற்றுமா, அல்லது அபராதத்துக்குப் பயந்துதான் போடுகிறோமா?" விரிசல் விட்ட இந்தக் கவசத்தைக் காட்டி அவர் வாயை அடைத்திருக்கலாம். ஆனால் அது நேர்மையான பதிலாக இருந்திருக்காது.

இதன் உள்ளே இருப்பது தெர்மாகோல். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் ரெஜிபோம் என்பீர்கள். தொலைக்காட்சிப் பெட்டியோடு வருகிறதே, அதே இனம், இன்னும் அடர்த்தியானது. இது நசுங்குவதன் மூலம்தான் வேலை செய்கிறது. நசுங்கும் அந்தச் சில மில்லிமீட்டரில் தலை சட்டென்று நிற்காமல் கொஞ்சம் தாமதித்து நிற்கிறது. மூளைக்குப் போக வேண்டிய அடியில் ஒரு பங்கை நுரை வாங்கிக்கொள்கிறது. என் கவசத்தைப் புரட்டினால், விரிசலிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி ஓரிடம் தட்டையாகியிருக்கிறது. கட்டைவிரலால் தடவினால்தான் தெரியும். எனக்காக உழைத்தது பெரும்பாலும் அந்தத் தட்டையான இடம். எல்லோரும் வியந்து பார்க்கும் இந்த விரிசல், நுரை நசுங்காமல் பிளந்துபோன இடம்! அது மட்டுமல்ல. கவசம் இல்லாமல் அதே இடத்தில் அதே மாதிரி இன்னொரு முறை நான் விழுந்து பார்க்க முடியாது. ஆகவே ஒரு விழுதலை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆயிரக்கணக்கானோரின் விழுதல்களைப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தவர்களில் பேர்பெற்றவர்கள் அமெரிக்காவின் சியாட்டில் நகர ஆய்வாளர்கள். 1989இல் வெளியான அந்த ஆய்வு, தலையில் அடிபட்டு மருத்துவமனைக்கு வந்த 235 சைக்கிள் ஓட்டிகளை எடுத்துக்கொண்டது. அவர்களில் 7 சதவீதத்தினரே கவசம் அணிந்திருந்தார்கள். கை, கால் என்று வேறு இடங்களில் அடிபட்டு வந்தவர்களிலோ 24 சதவீதத்தினர் அணிந்திருந்தார்கள். இதிலிருந்து, கவசம் தலைக்காயத்தை 85 சதவீதம் குறைக்கிறது என்று கணக்கிட்டார்கள். அந்த 85 உலகம் முழுவதும் பரவியது.

ஆனால் கேள்வி எழுந்தது. அந்தக் காலத்தில் பிள்ளைக்குக் கவசம் வாங்கிக் கொடுத்த பெற்றோர் யார்? பிள்ளையைப் பூங்காவில் ஓட்டச் சொல்லிக் கூடவே நடந்தவர்களாக அவர்கள் இருந்திருக்கலாம் அல்லவா? அப்படியானால் அந்த 85இல் நுரைக்கு எவ்வளவு பங்கு, பெற்றோரின் கண்காணிப்புக்கு எவ்வளவு பங்கு? 2013இல் அமெரிக்காவின் மத்திய அரசுத் துறைகளே அந்த எண்ணைக் கைவிட்டன. ஒரு சைக்கிள் ஓட்டுநர் சங்கம் மனுக் கொடுத்ததன் பலன் அது.

இதைக் கேட்டதும், அப்படியானால் கவசம் வீண் என்று சிலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. 2016இல் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 40 ஆய்வுகளை, அடிபட்ட 64,000க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு கவசம் அணிந்தவர்களிடம் 51 சதவீதம் குறைவு; கடுமையான தலைக்காயம் 69 சதவீதம் குறைவு. 85 இல்லை, சரி. பாதிக்குப் பாதி என்பது சின்ன விஷயமா? என் பிள்ளையின் தலைக்கு அந்தப் பாதி எனக்கு வேண்டும்.

அதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஆய்வுக்கூடத்தில் இதை ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து போட்டுச் சோதிக்கிறார்கள். தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நாமாகச் சறுக்கி விழுவதற்கு அது பொருந்தும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காருக்காக இதை யாரும் வடிவமைக்கவில்லை.

இனி சட்டத்துக்கு வருகிறேன். நாம் வாழும் இந்த விக்டோரியா மாநிலம்தான், 1990 ஜூலை 1 அன்று, உலகிலேயே முதன்முதலாக எல்லா வயதினருக்கும் சைக்கிள் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. ஓராண்டுக்குள் கவசம் அணிவோர் 31 சதவீதத்திலிருந்து 75 சதவீதமானார்கள். தலைக்காயங்களும் வெகுவாகக் குறைந்தன. அதே ஓராண்டில் மெல்பர்னில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவது 36 சதவீதம் குறைந்தது. அதே காலத்தில் வேகக் கண்காணிப்புக் கேமராக்கள் வந்தன, குடித்துவிட்டு ஓட்டுபவர்கள் மீது பிடி இறுகியது. எனவே எந்த நன்மை எதனால் வந்தது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. டோரத்தி ராபின்சன் என்ற புள்ளியியலாளர் 2006இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கேட்டதும் இதைத்தான்: சட்டம் வந்த ஊர்களில் அதன் தெளிவான பலன் எங்கே?

அந்த 36 சதவீதத்தை நான் என் வீட்டிலேயே பார்த்தேன். என் மகளுக்கு இடுப்பு வரை முடி. வெள்ளிக்கிழமை எண்ணெய் வைத்து, உச்சியிலிருந்து இறுக்கிப் பின்னிவிடுவேன். அந்தப் பின்னல்மேல் கவசம் உட்காராது; பின்னால் தூக்கிக்கொண்டு நிற்கும். கழற்றினால் நெற்றியில் சிவப்புத் தடம். பதின்மூன்று வயதில் ஒருநாள் சைக்கிளைக் கராஜில் சாத்திவிட்டு, "இனி நீங்களே காரில் விட்டுவிடுங்கள் அம்மா" என்றாள். சண்டை போடவில்லை, அழவில்லை. டயரில் காற்று இறங்கியே போயிற்று. எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் அது காயமாகப் பதிவாகாது. ஆனால் காற்றில் பறந்து பள்ளிக்குப் போன ஒரு பெண், அன்று முதல் பின் இருக்கையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு போனாள்.

நெதர்லாந்தைப் பற்றிக் கேட்ட அந்தத் தம்பி இங்கேதான் இருக்கிறார். தம்பி, அங்கும் சாவு இருந்தது. 1971இல் அந்தச் சிறிய நாட்டின் சாலைகளில் ஏறத்தாழ 3,300 பேர் இறந்தார்கள்; 400க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். தாய் தந்தையர் "குழந்தைக் கொலையை நிறுத்து" என்ற பெயரிலேயே இயக்கம் தொடங்கித் தெருவை மறித்தார்கள். அதற்குப் பிறகுதான் காரிலிருந்து பிரிந்த சைக்கிள் பாதைகளும் வேகம் குறைக்கப்பட்ட தெருக்களும் நாடெங்கும் பெருகின. அவர்கள் வெறுந்தலையோடு போவது அந்தப் பாதையை நம்பித்தான். அந்தப் பாதை இல்லாத நம் தெருவுக்கு அவர்களுடைய வெறுந்தலையை மட்டும் கொண்டுவர முடியாது.

விழுந்த தலைக்கு என்ன ஆகும் என்பது ஒரு கேள்வி. சட்டம் போட்டால் ஊருக்கு என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு என் பதில்: கவசம் காக்கிறது. இரண்டாவதற்கு நான் சொல்வது: பெரியவர்களுக்காவது, காரில்லாத சைக்கிள் பாதைகளில், அணிவதை அவரவர் விருப்பத்துக்கு விடலாம். ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் (Northern Territory) ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது. இதில் உங்களில் பலர் என்னோடு உடன்படமாட்டீர்கள், தெரியும். ஆனால் இந்தப் பள்ளிக்கு வரும் தெருவில் தடுப்போடு கூடிய சைக்கிள் பாதை வேண்டும் என்பதில் நமக்குள் என்ன வேறுபாடு இருக்க முடியும்? நகரசபைக்கான மனு வாசலருகே இருக்கிறது, கையெழுத்திடுங்கள்.

பக்கத்து மேசைக்கு உங்கள் பிள்ளைகளின் கவசங்களைக் கொண்டுவாருங்கள். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி, காதுக்குக் கீழே வார்கள் கூடும் இடம், தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல். பலருக்கு நெற்றி முழுவதும் திறந்து கிடக்கிறது. பின்னுக்குத் தள்ளிப் போட்ட கவசம் முன்னால் விழும் தலைக்கு உதவாது. பெண் பிள்ளைகளின் அம்மாக்கள் அங்கே நிற்கும் பெண்ணிடம் போங்கள். பிடரிக்குக் கீழே, தாழத் தொடங்கிப் பின்னுவது எப்படி என்று காட்டுவாள். அவள்தான் என் மகள். போன கோடையில் அவளாகவே டயருக்குக் காற்றடித்தாள்.