கொக்கி முதுகுக்குப் போன பிறகு

உலகத் தாய்ப்பால் வாரத்தை ஒட்டி நடந்த பட்டிமன்றம். தலைப்பு: ‘வெளியிடத்தில் பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்க்குத் தோதான உடை சேலையே! ஜிப் வைத்துத் தைத்த உடையே!’ தைத்த உடை அணியில் இரண்டாவதாகப் பேசிய தையற்கடைக்காரரின் உரை இது.

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியினருக்கும், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கும், ‘இதுல நமக்கு என்ன வேலை’ என்று பின்வரிசையில் நெளிந்துகொண்டிருக்கும் அப்பாமார்களுக்கும் வணக்கம்.

நடுவர் என்னை மேலும் கீழும் பார்க்கிறார். புரிகிறது ஐயா. சுங்குடிச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து சேலைக்கு எதிராக இவள் என்ன பேசப்போகிறாள் என்றுதானே? என் கடைசிப் பையனுக்கு 9 வயது. அவன் இப்போது கேட்பது பால் இல்லை, பரோட்டா. அதனால் நான் எதை வேண்டுமானாலும் கட்டலாம்.

நான் மேடைப் பேச்சாளர் கிடையாது. தையற்காரி. பதினெட்டு வருஷமாக இந்த ஊர்ப் பெண்களுக்கு ஜாக்கெட் தைக்கிறேன். யாருக்கு எத்தனை அங்குலம் கூடியது, யாருக்குக் குறைந்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பயப்படாதீர்கள், மேடையில் சொல்ல மாட்டேன்.

எதிரணித் தலைவி அம்மா அருமையாகப் பேசினார். “முந்தானையை இழுத்துவிட்டால் போதும், உள்ளே பிள்ளை இருப்பதே தெரியாது. எங்க பாட்டி அப்படித்தான் கொடுத்தாங்க, எங்க அம்மா அப்படித்தான் கொடுத்தாங்க, என் மருமகளுக்கும் அதைத்தான் சொல்வேன்” என்றார். எல்லாரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். அவர் சொன்னதில் அம்மா வரைக்கும் சரி.

ஏன் சரி தெரியுமா? அந்தக் காலத்து ரவிக்கையை நீங்கள் போட்டுப் பார்த்திருப்பீர்கள், நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். துவைத்துத் துவைத்துப் பூவாகிப்போன பருத்தித் துணி. லைனிங் இல்லை, பேட் இல்லை. முன்னால் நாலைந்து கொக்கி, சிலதில் கொக்கிகூடக் கிடையாது, கீழே ஒரு முடிச்சு. இடது கையில் பிள்ளை இருக்கும், வலது கை கீழ்க்கொக்கி இரண்டைத் தட்டிவிடும், அவ்வளவுதான். முந்தானை செய்த வேலை ஒரு திரைச்சீலையின் வேலை. கதவைத் திறந்தது முன்கொக்கி. பெயர் மட்டும் சேலைக்குப் போய்விட்டது.

அதற்கும் முந்தின தலைமுறையில் பல ஊர்களில் ரவிக்கையே கிடையாது. வெறும் சேலைதான். குமரி மாவட்டத்துக்காரர்களைக் கேளுங்கள், தோள்சீலைப் போராட்டம் என்று சொல்வார்கள். நாடார் பெண்கள் மேலே துணி போடுவதற்கு அடிபட்டு மிதிபட்டு, திருவிதாங்கூர் அரசு 1859-இல்தான் அதற்கு அனுமதி தந்தது. அதுவும் மேல்சாதிப் பெண்கள் போடும் விதத்தில் போடக்கூடாது என்ற நிபந்தனையோடு. ஆக, ‘தொன்றுதொட்டு இதுதான் நம் உடை’ என்று எதிரணியில் ஒருவர் சொன்னாரே, அந்தத் தொன்றில் எந்தத் தொன்று என்று கேட்டுச் சொல்லுங்கள் ஐயா.

இப்போது இன்றைய ஜாக்கெட்டுக்கு வருகிறேன். என் கடைக்குப் பத்துப் பேர் வந்தால் பாதிப் பேர் பின்கொக்கி கேட்கிறார்கள். ‘அக்கா, முதுகுல ஜிப் வெச்சுடுங்க, முன்னாடி நீட்டா இருக்கணும்.’ உள்ளே பேட், அதற்கு மேல் லைனிங், அதற்கு மேல் பட்டு, அதற்கு மேல் ஆரி வேலை. முதுகில் கயிறு, கயிற்றின் நுனியில் குஞ்சலம். தைத்துக் கொடுக்கிறேன், கூலியும் வாங்குகிறேன். ஆனால் கொக்கி முதுகுக்குப் போன அன்றைக்கே சேலை பாலூட்டும் உடையாக இருப்பதை நிறுத்திவிட்டது.

இதை யாரோ சொல்லி நான் தெரிந்துகொள்ளவில்லை. பட்டே தெரிந்துகொண்டேன். மூத்தவள் பிறந்து எழுபது நாள். நாத்தனார் வீட்டுக் கல்யாணம். பட்டுச்சேலை, பின்கொக்கி ஜாக்கெட், முந்தானையை ஐந்து மடிப்பு வைத்துத் தோளில் ஊக்குக் குத்தி, இடுப்பில் இன்னொரு ஊக்கு. தாலி கட்டுகிற நேரம், மேளம் கொட்டியதும் பிள்ளை வீரிட்டது. அவள் அழ அழ எனக்குப் பால் சுரந்து ஜாக்கெட் நனைகிறது. மணமகள் அறையைப் பூட்டிச் சாவியை யாரோ இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்கள். கடைசியில் சமையற்கட்டுக்குப் பக்கத்தில் காய்கறி மூட்டை வைத்திருந்த அறை. ஒரு பக்கம் வாழைக்காய், ஒரு பக்கம் சேனைக்கிழங்கு. நாத்தனார் என் பின்னால் நின்று ஒவ்வொரு கொக்கியாகக் கழற்றுகிறாள். கழற்றி முடித்தால் ஜாக்கெட் முழுசாகக் கையோடு வருகிறது. ஒரு மார்பைத் திறக்கப் போய் முதுகு, தோள், இடுப்பு எல்லாம் திறந்து உட்கார்ந்திருக்கிறேன். அந்த நேரம் பார்த்து முருங்கைக்காய் எடுக்க ஒருத்தர் உள்ளே வந்தார். பாவம், அவர் அன்றைக்கு முருங்கைக்காய் எடுக்கவே இல்லை.

அந்த ஜாக்கெட்டைத் தைத்தது யார்? நான்தான். யாரைத் திட்டுவது?

எதிரணி இதற்கு ‘முன்கொக்கி வைத்துக்கொள்ளலாமே’ என்று பதில் வைத்திருப்பார்கள். வைக்கலாம். தினமும் சேலை கட்டுகிறவர்களுக்கு அது போதும், நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்றைக்குப் பிள்ளை பெறுகிற பெண் தினமும் சேலையா கட்டுகிறாள்? கல்லூரிக்குச் சுடிதார், வேலைக்குக் குர்த்தி, வீட்டில் நைட்டி. சேலை என்பது அவளுக்கு விசேஷத்துக்கு எடுப்பது. கல்யாணத்தன்று அதைக் கட்டிவிட அழகுநிலையத்திலிருந்து ஆள் வந்தது. அவளைப் போய், தூக்கமே இல்லாத அந்த மாதங்களில், ‘சேலை கட்டு, முந்தானையை இழுத்துவிடு’ என்றால்? பிறந்த பிள்ளை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் கேட்கும். அத்தனை தடவையும் கொசுவம் சரிசெய்ய அவள் என்ன ஜவுளிக்கடை பொம்மையா?

இன்னொன்று. இது பெண்களுக்கு மட்டும் புரியும், ஆண்கள் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். கிட்டத்தட்ட இரண்டில் ஒன்று. சேலை கட்ட உள்பாவாடை வேண்டும். பாவாடைக்கு நாடா உண்டு. அந்த நாடாவை இறுக்கினால்தான் ஆறு கெஜமும் நிற்கும். தையல் ஆறாத வயிற்றில் அந்த நாடா எங்கே போய் அழுத்தும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. முன்வரிசை அம்மா ஒருத்தர் தலையாட்டுகிறார் பாருங்கள். அவருக்குத் தெரிகிறது.

சரி, ஜிப் உடையில் அப்படி என்ன இருக்கிறது? போன வருஷம் ஒரு பெண் என் கடைக்குப் பை நிறையக் குர்த்தி கொண்டுவந்து கொட்டினாள். ‘அக்கா, புதுசா வாங்கக் காசில்லை. இதுலயே ஜிப் வெச்சுத் தர முடியுமா?’ நடுவில் ஒரு ஜிப் வைத்தால் கழுத்திலிருந்து வயிறு வரை எல்லாம் திறந்துகொள்ளும், அது பிரயோஜனம் இல்லை. மார்பின் வழியாக மேலிருந்து கீழே ஓடுகிற தையல் இருக்கிறதல்லவா, பிரின்சஸ் கட் என்போம், அந்தத் தையலை இரண்டு பக்கமும் ஏழெட்டு அங்குலம் பிரித்து, அதற்குள் கன்சீல் ஜிப்பை ஒளித்து வைக்க வேண்டும். மூடியிருந்தால் தையல் மாதிரியே தெரியும். ஜிப்பின் உள்பக்கம் ஒரு பட்டைத் துணி கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் அதன் பல் உடம்பில் உரசும். ரன்னர் கீழே போனால் திறக்கும், மேலே வந்தால் மூடும். அது பிள்ளையின் கன்னத்தில் குத்தாமல் இருக்க நுனியில் துணி சுற்றிவிடுவேன்.

தைத்து முடித்ததும் ஒரு பரீட்சை வைத்தேன். கடையில் கிடந்த தலையணையை இடது கையில் கொடுத்து, ‘இதுதான் உன் பிள்ளை. கண்ணை மூடிக்கொண்டு வலது கையால் மட்டும் ஜிப்பைத் திற’ என்றேன். முதல் குர்த்தியில் முடியவில்லை. துணி மெல்லியது, இழுக்க இழுக்க ஜிப்போடு கூடவே வந்தது. பிரித்து, ஓரத்துக்கு உள்ளே கொஞ்சம் கெட்டித் துணி கொடுத்து மறுபடி தைத்தேன். இரண்டாம் தடவை சர்ரென்று இறங்கியது. அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்குக் கூலி வாங்க மனசு வரவில்லை. வாங்கினேன், அது வேறு விஷயம்.

உள்ளே போடுவதும் அப்படித்தான் இருக்க வேண்டும். மேலே ஜிப் திறந்து, உள்ளே பின்கொக்கி என்றால் என்ன லாபம்? தோள்பட்டையில் ஒரு கிளிப், ஒரு விரலால் தட்டினால் முன்பக்கம் மட்டும் கீழே மடங்குகிற பாலூட்டும் பிரா இப்போது எல்லா ஊரிலும் கிடைக்கிறது. கம்பி வைத்தது வேண்டாம், அழுத்தினால் பால் கட்டிக்கொள்ளும்.

துணி எடுக்கும்போதும் கொஞ்சம் யோசியுங்கள். வெளிர் நிறத்தில் பூவேலை இல்லாத துணி எடுத்தால், ஒரு சொட்டுப் பால் கசிந்தாலும் ஊருக்கே தெரியும். அடர் நிறம், பொடிப்பொடியாகப் பிரிண்ட், பருத்தி. ஜரிகை, சமிக்கி, கண்ணாடி எல்லாம் பிள்ளை கன்னத்துக்கு எமன்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய ஐயா ஒரு பெரிய ஆயுதத்தை எடுத்தார். சீர்காழிக் குளக்கரையில் உமையம்மையே திருஞானசம்பந்தருக்குப் பால் கொடுத்தாள், அம்மைக்கு ஜிப் இருந்ததா என்றார். நல்ல கேள்வி. கோயில் குளக்கரை, அதைவிடப் பொது இடம் வேண்டாம். ஆனால் ஐயா பாதிக் கதையை விட்டுவிட்டார். அம்மை பாலைப் பொற்கிண்ணத்தில் கறந்தல்லவா கொடுத்தாள்! உலகத்துக்கே அம்மை, அவளே குளக்கரையில் தனக்குத் தோதான ஒரு வழியைத் தேடிக்கொண்டாள். நம் பெண்களுக்குப் பொற்கிண்ணம் வாங்க வழியில்லை, ஒரு ஜிப்பாவது வைத்துக்கொள்ளட்டுமே.

நடுவர் தொடக்கத்தில் ஒரு சந்தேகம் கேட்டார். ‘பேருந்து நிலையத்தில் பாலூட்டும் அறை இருக்கிறதே, பிறகு உடைக்கு ஏன் இத்தனை சண்டை?’ என்றார். உண்மைதான். 2015 ஆகஸ்டில் முதலமைச்சர் ஜெயலலிதா தமிழ்நாடு முழுக்கப் பேருந்து நிலையங்களில் 352 பாலூட்டும் அறைகளைத் திறந்து வைத்தார். நல்ல காரியம், நானே உட்கார்ந்து கொடுத்திருக்கிறேன். ஆனால் அறை பேருந்து நிலையத்தில் இருக்கிறது, பேருந்தில் இல்லை. மதுரையில் ஏறித் திருநெல்வேலி போகிறீர்கள். பிள்ளைக்கு மதுரையில் பசிக்காது, திருநெல்வேலியிலும் பசிக்காது. சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில்தான் பசிக்கும். மூன்று பேர் சீட்டில் ஜன்னல் ஓரம் நீங்கள், பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு அண்ணன். ஜன்னல் காற்றில் முந்தானை பாய்மரம் மாதிரி எழும்புகிறது. ஒரு கையால் பிள்ளை, ஒரு கையால் முந்தானை, மூன்றாவது கைக்கு எங்கே போவது?

முதல் ஆறு மாதம் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது, தாய்ப்பால் மட்டும்தான் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அதனால் ‘வீட்டுக்குப் போய்க் கொடுத்துக்கலாம், அதுவரைக்கும் ரெண்டு மடக்குத் தண்ணி கொடு’ என்பதும் செல்லாது.

துப்பட்டா போட்டு மூடிக்கொள்ளலாம் என்பார்கள். இரண்டு மாதக் குழந்தை சும்மா இருக்கும். நாலு மாதம் ஆகட்டும், துப்பட்டாவை உதைத்துத் தள்ளும், கண்டக்டர் விசில் அடித்தால் வாயை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும். சித்திரை வெயிலில் அந்தத் துணிக்கு அடியில் பிள்ளைக்கு மூச்சு முட்டும். ஜிப் உடையில் பிள்ளையின் முகம் வெளியே காற்றில் இருக்கிறது, தாய் அதைப் பார்த்துக்கொண்டே கொடுக்கலாம். மறைய வேண்டியதை அந்தச் சின்னத் திறப்பும் பிள்ளையின் தலையுமே மறைத்துவிடும்.

‘மறைக்கவே வேண்டாம், பிள்ளைக்குப் பால் கொடுப்பதில் என்ன வெட்கம்’ என்று சொல்கிற பெண்களும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. வெறித்துப் பார்க்கிறவனைத் திருத்த வேண்டியதுதான், அதற்கு வேறு பட்டிமன்றம் வையுங்கள், வருகிறேன். அவன் திருந்துகிற வரைக்கும் பிள்ளை பசியோடு காத்திருக்காது, அவ்வளவுதான் என் வாதம்.

நூறு நாள் வேலைக்குப் போகிற அக்காமாரைப் பாருங்கள். சேலைக்கு மேல் ஒரு சட்டை போட்டிருப்பார்கள். யார் சட்டை? வீட்டுக்காரர் சட்டை. முன்னால் பட்டன். மர நிழலில் உட்கார்ந்து இரண்டு பட்டனைக் கழற்றிப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு மண்வெட்டியை எடுக்கிறார்கள். சேலை கட்டியிருக்கிறவர்களே தைத்த உடையைத்தான் நம்புகிறார்கள் ஐயா, எதிரணி அதைக் கவனிக்கவில்லை.

மணி அடித்துவிட்டீர்கள். முடிக்கிறேன். எதிரணித் தலைவி அம்மாவுக்கு ஒரே ஒரு தகவல். போன வாரம் நீங்கள் உங்கள் மருமகளைக் கடைக்குக் கூட்டிவந்து அளவு கொடுத்துவிட்டுப் போனீர்களே, இரண்டு பக்கமும் ஜிப் வைத்த மூன்று குர்த்தி, அது நேற்றே ரெடி. பை கீழே என் நாற்காலியில் இருக்கிறது. இறங்கும்போது வாங்கிக்கொள்ளுங்கள், பாக்கி இருநூறு ரூபாய். வணக்கம்.