திரையில் ஊர்ப்பேச்சு ஓடும்போது தமிழின் கொம்பு ஏன் கழல்கிறது?

(கணினித் துறை மாணவர் மன்றத் தொடக்க விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, கல்லூரித் தாளாளர் ஐயா அவர்களே, முதல்வர் அம்மா அவர்களே, கணினித் துறைத் தலைவர் அவர்களே, தம் பணிகளுக்கு இடையிலும் நேரம் ஒதுக்கி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, கைபேசியை ஒரு கண்ணாலும் என்னை ஒரு கண்ணாலும் பார்த்துக்கொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் வணக்கம். வரவேற்புரையில் என்னைத் 'தரவுக் காட்சியியல் அறிஞர்' என்று சொன்னார்கள். அறிஞர் எல்லாம் இல்லை, நிகழ்ச்சிகளுக்குத் திரை ஓட்டுகிறவன். தாளாளர் ஐயா பொன்னாடை போர்த்தும்போதே, "சுருக்கமா முடிச்சிடுங்க, அடுத்து பரதநாட்டியம் இருக்கு" என்று காதில் சொல்லிவிட்டார். முயன்று பார்க்கிறேன்.

சமூக ஊடகத்தில் பரபரப்பாக ஓடும் பேச்சை உடனுக்குடன் அசையும் படமாக்கிக் காட்டுவது, இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன். இதை எப்படிச் செய்கிறார்கள். அதற்கான தரவு யார் கையில் இருக்கிறது. பொய்க் கணக்குகள் கிளப்பிவிடும் பரபரப்பை எப்படி இனம் காண்பது.

"உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது" என்பார் என் அப்பத்தா. மூட முடியாது, சரி. ஊர் வாய் என்ன பேசுகிறது என்று கண்ணால் பார்க்க முடியுமா? ட்விட்டர் பிறப்பதற்கு முன்பே பார்த்திருக்கிறார்கள். மார்க் ஹேன்சன், பென் ரூபின் என்ற இருவர் 'லிசனிங் போஸ்ட்' என்று ஒன்று செய்தார்கள். இணைய அரட்டை அறைகளில் ஓடும் வரிகளை அப்போதைக்கப்போது பிடித்து 231 சின்னத் திரைகளில் ஓடவிட்டார்கள். கணினிக் குரல் அவற்றை வாசிக்கும். நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் 2002-ல் அதை வைத்தார்கள். 2006-ல் ஸ்டேமன் நிறுவனம், வாசகர்கள் செய்திகளுக்கு வாக்களிக்கும் 'டிக்' என்ற இணையதளத்துக்காக 'ஸ்வார்ம்' செய்தது. ஒவ்வொரு செய்தியும் ஒரு வட்டம்; வாசகர்கள் வாக்களிக்க வாக்களிக்க வட்டத்தை மொய்ப்பார்கள், அது வீங்கும். 2012 லண்டன் ஒலிம்பிக்கின்போது மக்களின் ட்வீட்டுகளில் தெரிந்த உற்சாகத்தை அளந்து, 'லண்டன் ஐ' ராட்டினத்தின் விளக்குகளையே அதற்கேற்ப மாற்றினார்கள். 2013-ல் வந்த 'லிசன் டு விக்கிப்பீடியா' எனக்கு மிகவும் பிடித்தது. யாராவது கட்டுரையில் சேர்த்தால் மணி ஒலிக்கும், நீக்கினால் தந்தி அதிரும், திருத்தம் பெரிதாக ஆக ஒலி கனக்கும்.

எது பரபரப்பு என்று முடிவு செய்வதில்தான் வித்தை. தினமும் நூறு பேர் நிற்கும் டீக்கடையில் நூறு பேர் நின்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பத்துப் பேர் வரும் கடையில் அறுபது பேர் நின்றால் 'என்னப்பா அங்கே கூட்டம்' என்று கேட்போம். ட்விட்டரும் அப்படித்தான் கணக்குப் போட்டது. மொத்த எண்ணிக்கையைவிடத் திடீர் ஏற்றத்துக்கே மதிப்பு. 2010-ல் பாடகர் ஜஸ்டின் பீபரின் பெயர் ட்விட்டரின் பரபரப்புப் பட்டியலை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தபோது, அந்தக் கணக்கை இன்னும் இறுக்கினார்கள். படம் வரைகிறவர்களும் இதையே செய்யவேண்டும். கடைசி ஐந்து நிமிடத்தை மட்டும் பாருங்கள், பழைய பேச்சைக் காட்டும் குமிழிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வற்ற விடுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் திரையை மாற்றாதீர்கள். நொடிக்கு அறுபது சட்டம், அதாவது அறுபது பிரேம், என்றால் ஒரு சட்டத்துக்கு 16 மில்லிநொடிதான் கிடைக்கும், வருவதைச் சேர்த்துவைத்து மொத்தமாக வரையுங்கள். மீதியை, தரவைப் படமாக வரையும் டி3 என்ற நிரலகம் பார்த்துக்கொள்ளும்.

இனி நான் சொல்ல வந்ததுக்கு வருகிறேன். ஒரு புத்தகக் கண்காட்சித் தொடக்க விழா. ஊர்ப் பெயர் வேண்டாம். பொங்கல் முடிந்த வாரம். மேடைக்குப் பின்னால் பிரம்மாண்டமான எல்இடி திரை. நான் பார்வையாளன். "உங்க ஊர்ப் பேரையும் பிடிச்ச புத்தகத்தையும் எழுதி அனுப்புங்க, எழுத்தெழுத்தா பூ மாதிரி விழும்" என்று அறிவித்தார்கள். அனுப்பினோம். கோவை என்று யாரோ அனுப்பியிருந்தார். முதலில் 'க' விழுந்தது. கூட்டம் கை தட்டியது. அடுத்து, எழுத்தில்லாமல் தனித்து நிற்கும் குறிக்குக் கணினி போடும் புள்ளி வட்டம் ஒன்று விழுந்தது. அதற்கு இந்தப் பக்கம் கொம்பு, அந்தப் பக்கம் கால். பிறகு 'வ'. பிறகு இன்னொரு புள்ளி வட்டம், அதன் முன்னால் ஒட்டிக்கொண்டு ஐகாரக் கொம்பு. அப்புறம் தேனி வந்தது, கொடைக்கானல் வந்தது. மேடையெங்கும் கொம்பும் காலும் தனித்தனியாக உருள்கின்றன. முன்வரிசையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், எண்பது வயதிருக்கும், எழுந்தார். "ஏம்ப்பா, மாட்டுப் பொங்கல் முடிஞ்சு முழுசா ஒரு வாரம் ஆகல. அதுக்குள்ள கொம்பெல்லாம் கழண்டு விழுது?" அரங்கமே அதிர்ந்தது. திரை ஓட்டிய பையன் ஓடிவந்து, "சார், இங்கிலீஷ்ல அனுப்பச் சொல்லுங்க, சூப்பரா வரும்" என்றான். பெரியவர் விடவில்லை. "கொம்பு உடைஞ்சா மாட்டுக்கு வைத்தியம் பாக்கணும். மாட்டை வித்துட்டுக் கழுதை வாங்கச் சொல்றியே!" அடுத்து, எல்லோரும் அனுப்பியதைத் தொகுத்து, அதிகம் வந்த சொல்லைப் பெரிதாகக் காட்டும் சொல் மேகம் போட்டார்கள். நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு சொல்: 'ஒரு'. பெரியவர் மறுபடியும் எழுந்தார். "இந்த 'ஒரு'ங்கற ஊரு எந்த மாவட்டம்?"

சிரித்தோம். ஆனால் அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அவன் கையில் கிடைத்த கருவி அப்படி. ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் 'தமிழ்' என்ற சொல்லை வழக்கமான முறையில் உடைத்தால் ஐந்து துண்டு வரும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. பைதான் என்ற இன்னொரு நிரல்மொழியில் சொற்களைப் பிரிக்கப் பெரும்பாலோர் எழுதும் ஒரு வரிக்கு உயிர்மெய்க் குறியும் புள்ளியும் எழுத்தாகவே தெரியாது. 'தம' என்று ஒன்று, 'ழ' என்று ஒன்று, அவ்வளவுதான். மருந்து இல்லாமலில்லை. உலாவிகளில், எழுத்துகளைப் பிரிக்கும் இன்ட்ல் செக்மென்டர் என்ற வசதி இருக்கிறது. த, மி, ழ் என்று மூன்றாக ஒழுங்காகப் பிரிக்கும். க்ஷ, ஸ்ரீ இரண்டையும் மட்டும் தனியாகக் கவனிக்கவேண்டும். பைதானில் ஓப்பன் தமிழ் நிரலகம் இருக்கிறது. மருந்து கடையில் இருக்க, யாரும் வாங்கப் போவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. 'மழை', 'மழையில்', 'மழைக்கு', 'மழையால்' என்று நான்கு பேர் எழுதினால் கணினிக்கு அது நான்கு சொல், நான்கு பொடிக் குமிழி. ஊரே மழையைப் பற்றிப் பேசும், திரையில் மழை வராது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் மக்களே தண்ணீர் நின்ற தெருக்களைச் சொடுக்கிக் குறித்தார்கள். அருமையான வேலை. அதே நேரம் சென்னைரெயின்ஸ், சென்னைஃபிளட்ஸ் என்று ஆங்கிலக் குறிச்சொற்களில் உதவி கேட்டவர்களை ஒரே இடத்தில் திரட்ட முடிந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு 'வெள்ளத்துல மாட்டிக்கிட்டோம்' என்று தமிழில் எழுதுகிறவரை 'வெள்ளம்' என்ற தேடல் பிடிக்காது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்கிறோம். தமிழில் பேசுகிற ஊர் வாயைக் கருவி தானாகவே மூடிவிடுகிறதே!

ஆகவே மாணவர்களே, இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு ஆங்கிலச் சொல் மேகம் போடாதீர்கள். தமிழ் வேர்ச்சொல் பிரிப்பான் ஒன்று செய்யுங்கள். 'ஒரு', 'இந்த', 'என்று' போன்றவற்றை வடிகட்டும் பட்டியல் ஒன்றைத் தயாரித்துப் பொதுவில் வையுங்கள். துறைத் தலைவர் அவர்கள் மதிப்பெண் விஷயத்தில் தாராளமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். சிரிக்கிறார், சரி.

இரண்டாவது செய்தி, தரவு. பதிவுகளை வெளியாருக்குத் தரவாகத் தந்துவந்த தன் இலவசக் குழாயை ட்விட்டர் 2023-ல் மூடியது. அதை நம்பியிருந்த எத்தனையோ அழகான படங்கள் அப்படியே நின்றுபோயின. புளூஸ்கை, மாஸ்டடான் என்ற சமூக ஊடகங்கள், விக்கிப்பீடியா இவற்றின் தரவு ஓடைகள் திறந்திருக்கின்றன. அங்கே பழகுங்கள். மூன்றாவதுக்கு நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.

வாசலில் ஒரு மனு வைத்திருக்கிறேன். அரசுப் பணமோ கல்லூரிப் பணமோ போட்டு வாங்கும் எந்தத் திரைக்கும், 'தமிழ் எழுத்து உடையாமல் காட்டவேண்டும்' என்ற ஒரு வரி ஒப்பந்தப்புள்ளியில் இருக்கவேண்டும் என்பதே கோரிக்கை. சோதிக்க நான்கு சொல் போதும்: கோவை, கொடைக்கானல், வௌவால், ஸ்ரீரங்கம். முதல் கையெழுத்தை முதல்வர் அம்மா போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பேரூராட்சித் தலைவர் அவர்களே, பேருந்து நிலையத்துக்குப் புதுத் திரை வாங்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். இரண்டாவது கையெழுத்துக்கான இடத்தை உங்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறேன். பேனா மனுவோடு கட்டியே இருக்கிறது. நன்றி, வணக்கம்.