மூன்று மாதக் கடனில் ஐஸ்பெட்டி வாங்கலாமா?

(பினாங்கு லிட்டில் இந்தியாவில் சிறு வணிகர்களிடையே ஆற்றிய உரையிலிருந்து)

எல்லாருக்கும் வணக்கம். இங்கிருந்து நாலு எட்டு வைத்தால் லெபோ பினாங்கு. வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த தெரு. தரையில் பாய், முன்னே பெட்டியடி, பக்கத்தில் பேரேடு. கடன் கேட்டு வந்தவரின் சரக்கும் தெரியும், சம்பந்தி வீடும் தெரியும். இன்றைய கடன் செயலிக்கு உங்கள் சம்பந்தியைத் தெரியாது. வங்கிக் கணக்கும், நீங்கள் வாங்கிய கடன்களைக் காட்டும் நெகாரா வங்கியின் சிசிரிஸ் பதிவும்தான் தெரியும்.

கடன் கேட்கும்போது பூக்கடை அக்காமார் முதல் படியிலேயே தடுக்கி விழுவது இதனால்தான். வியாபாரம் நன்றாக ஓடும். காசு முந்தானையில் இருக்கும். கைப்பேசியில் பணம் வாங்க உதவும் டியூட்நவ் கியூஆர் அட்டையை மாட்டி, வருகிற பணம் கணக்கில் ஏற ஆரம்பித்தால் அந்தக் கணக்கே உங்களுக்குச் சாட்சி. (வரிக்காரருக்கும் சாட்சிதான், சிரிக்காதீர்கள்.)

உரிமம் பெற்ற கடன் தளங்கள் வேறு, உரிமமில்லாமல் வட்டிக்கு விடும் ஆலோங் வேறு. பலரிடமிருந்து திரட்டிக் கடன் தரும் 6 தளங்களுக்கு மலேசியப் பங்குப் பத்திர ஆணையம் 2016லேயே அனுமதி கொடுத்தது. வாட்சப்பில் வரும் ஆளுக்கு அப்படி எதுவும் இல்லை.

சரி, கடனால் கடை வளருமா? தீபாவளிக்கு மூன்று மாதம் முன்பு சேலை இறக்குகிறீர்கள். பண்டிகைக்குள் விற்றுவிடும், கடனும் அடைந்துவிடும். இதற்கு மூன்று மாத வேகக் கடன் பொருந்தும். அதே கடனில் பெரிய ஐஸ்பெட்டி வாங்கினால்? அது போட்ட காசைத் திருப்பித் தர மூன்று வருடம் ஆகும். தவணையோ அடுத்த மாதமே வாசலில் நிற்கும். அதைக் கட்ட இன்னொரு செயலி, அப்புறம் இன்னொன்று. நான் பார்த்த கடைகள் மூழ்கியது பெரும்பாலும் இப்படித்தான்.

வட்டியையும் கணக்குப் போடுங்கள். 10,000 வெள்ளி (ரிங்கிட்), ஒரு வருடம், மாதம் ஒன்றரை விழுக்காடு. கட்டுவது 11,800. ‘18 விழுக்காடுதானே’ என்பீர்கள். ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது, வட்டி மட்டும் முழு 10,000க்கும் ஓடுகிறது. உண்மையில் அது வருடத்துக்குச் சுமார் 32 விழுக்காடு. கட்டணமாக 300 வெள்ளியை முன்பே பிடித்துக்கொண்டு 9,700 கொடுத்தால் 38ஐத் தொடும். அதனால் விழுக்காட்டைக் கேட்காதீர்கள். கைக்கு எவ்வளவு வரும், மாதம் எவ்வளவு போகும், இந்த இரண்டையும் கேளுங்கள்.

ஐஸ்பெட்டிக்கு, சிறு வணிகர்களுக்குக் கடன் தரும் அரசு நிறுவனமான டெக்குனின் ஸ்பூமி கடனை முதலில் பாருங்கள். இந்தியத் தொழில்முனைவோருக்கென்றே உள்ள திட்டம். வாசலில் மேசை போட்டிருக்கிறோம், விண்ணப்பப் பாரம் நிரப்ப நானும் உட்காருவேன். வங்கி அறிக்கை வைத்திருப்பவர்கள் முதலில் வாருங்கள்.