ஐஸ் ஹவுஸும் வால்டன் குளமும்

வணக்கம் நேயர்களே.

சென்னைக் கடற்கரைச் சாலையில் வளைந்த முகப்போடு ஒரு பழைய கட்டடம் நிற்கிறது. இன்று அது விவேகானந்தர் இல்லம். ஆனாலும் அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் இன்னமும் 'ஐஸ் ஹவுஸ்' என்றுதான் டிக்கெட் கேட்கிறார்கள். பாஸ்டன் நகரத்து வியாபாரி பிரடெரிக் டியூடர் 1842-இல் கட்டிய பனிக்கட்டிக் கிடங்கு அது. அமெரிக்காவின் வடகிழக்கில் குளிர்காலத்தில் குளங்கள் உறைந்துவிடும். அந்தப் பனியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கடல் கடந்து இங்கே கொண்டுவந்து விற்றார்கள்.

1846-47 குளிர்காலத்தில் அப்படிப் பனி அறுக்க, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கான்கார்ட் என்ற சிற்றூரை ஒட்டிய வால்டன் குளத்துக்கும் ஆட்கள் வந்தார்கள். நூறு அயர்லாந்துக்காரர்கள், பதினாறு நாள் வேலை. கரையில் தன் கையால் கட்டிய சின்ன மரவீட்டில் இருந்தபடி ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ. அப்போது அவருக்கு வயது 29. பின்னால் எழுதிய புத்தகத்தில், மதராஸிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வெயிலில் வாடுகிறவர்கள் என் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்று குறித்தார். அடுத்த வரிகளிலேயே, காலையில் நான் என் அறிவைப் பகவத் கீதையில் குளிப்பாட்டுகிறேன் என்கிறார். எங்கள் ஊர்ப் பெயரை அந்தப் பக்கத்தில் முதன்முதலாகப் பார்த்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்த வருஷம் கரையில் குவித்த பனி பத்தாயிரம் டன் இருக்கும் என்று ஒரு மதிப்பு. அதில் கொஞ்சம்தான் வெளியே போனது. மிச்சம் இரண்டு கோடையைத் தாண்டி நின்று, 1848 செப்டம்பரில் கரைந்து குளத்துக்கே திரும்பிவிட்டது. இதையும் அவர் தேதியோடு எழுதி வைத்திருக்கிறார்.

தோரோவும் அவருக்கு மூத்தவரான எழுத்தாளர் எமர்சனும் சேர்ந்த வட்டத்தின் சிந்தனைக்கு டிரான்ஸெண்டெண்டலிசம் என்று பெயர். தமிழில் கடந்தநிலைவாதம் என்கிறார்கள். பெயர்தான் பயமுறுத்தும், விஷயம் எளிது. உண்மையை அறிய நூலும் குருவும் சபையும் மட்டும் போதாது. ஒவ்வொரு மனிதனுக்கு உள்ளேயும் ஒரு சாட்சி இருக்கிறது, இயற்கையும் அதே மொழியைத்தான் பேசுகிறது. கீதைதான் இந்த இயக்கத்துக்கு ஊற்று என்று விவேகானந்தரே பேசியிருக்கிறார். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. எமர்சனின் முதல் புத்தகம் 1836-இல் வந்துவிட்டது. கீதை முழு நூலாக அவர் கைக்கு வந்தது 1845-இல்தான். தங்களுக்குள் ஏற்கெனவே கேட்ட குரலை அவர்கள் நம் நூலிலும் கேட்டார்கள் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

உள்ளே இருக்கும் சாட்சி என்றவுடன் கண்ணை மூடி உட்கார்வது என்று நினைத்துவிடுகிறோம். தோரோ என்ன செய்தார் தெரியுமா? வால்டன் குளத்துக்கு அடியே கிடையாது என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அளந்து பார்க்காமலேயே ஜனங்கள் இத்தனை காலம் இதை நம்பியிருக்கிறார்களே என்று அவருக்கு ஆச்சரியம். ஒரு மீன்பிடிக் கயிற்றில் ஒன்றரை ராத்தல் கல்லைக் கட்டினார். உறைந்த குளத்தின் மேல் நடந்து, துளையிட்டு, இடம் இடமாகக் கல்லை இறக்கினார். கல் தரையில் இருக்கும்போது கயிறு லேசாக இருக்கும், தரையை விட்டு எழும்பும்போது கனக்கும். அந்த வித்தியாசத்தைக் கை சொல்லும். மிக ஆழமான இடம் சரியாக 102 அடி. எனக்குத் தெரிந்தவரை இந்தச் சிந்தனை மொத்தமும் அந்தக் கயிற்றில் இருக்கிறது. ஊர் சொல்வது இருக்கட்டும், நீ இறக்கிப் பார்.

அதே கையோடுதான் அரசாங்கத்தையும் அளந்தார். அடிமைமுறையைக் காக்கும் அரசுக்குத் தலைவரி கட்ட மாட்டேன் என்று சில வருஷமாகவே நிறுத்தி வைத்திருந்தார். 1846 ஜூலையில், செருப்புத் தைக்கக் கொடுத்ததை வாங்க ஊருக்குள் போனவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். ஒரே ஒரு ராத்திரி. யாரோ வரியைக் கட்டிவிட, காலையில் வெளியே அனுப்பினார்கள். செருப்பை வாங்கிப் போட்டுக்கொண்டு காட்டுப் பழம் பறிக்கப் போய்விட்டார். ஆகஸ்ட் 1 அன்று அவர் குடிசை வாசலிலேயே கான்கார்ட் பெண்களின் அடிமை ஒழிப்புச் சங்கம் கூட்டம் நடத்தியது. அவருடைய அம்மாவும் சகோதரிகளும் அதில் இருந்தவர்கள். தோரோவைத் தனிமை விரும்பி என்று மட்டும் சொல்கிறவர்கள் இந்தக் கூட்டத்தை மறந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

அந்த ஒரு ராத்திரியைப் பற்றிய கட்டுரை 1849-இல் அச்சானது. 1907-இல் தென்னாப்பிரிக்காவில் காந்தி அதன் பகுதிகளை 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையில் வெளியிட்டார். தோரோவிடமிருந்துதான் சத்தியாக்கிரகத்தை எடுத்தார் என்று பலர் எழுதியபோது, கட்டுரை கைக்கு வருவதற்கு முன்பே எங்கள் போராட்டம் வெகுதூரம் வந்துவிட்டது என்று காந்தியே மறுத்தார். அவர் சொன்னதுதான் நியாயம். அங்கே சிறைக்குப் போன எங்கள் தமிழ்க் கூலிகளும் வியாபாரிகளும், தில்லையாடி வள்ளியம்மையும், யார் கட்டுரையையும் படித்துவிட்டுப் போகவில்லை. அப்புறம் அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் கல்லூரி மாணவராக அதே கட்டுரையைப் படித்தார். பஸ்ஸில் கறுப்பின மக்களைப் பிரித்து உட்காரவைத்ததை எதிர்த்து நடந்த மாண்ட்கமரி பஸ் புறக்கணிப்பின்போது அது அவர் நினைவுக்கு வந்தது.

இந்த வட்டத்தின் பெண்களையும் சொல்ல வேண்டும். பெண்ணுரிமைக்காக மார்கரெட் புல்லர் 1845-இலேயே ஒரு முழு நூல் எழுதினார். அமெரிக்காவில் ஆங்கிலம் பேசும் குழந்தைகளுக்கு முதல் கிண்டர்கார்ட்டனை 1860-இல் பாஸ்டனில் திறந்தவர் எலிசபெத் பீபாடி. தோரோவின் கட்டுரையை முதலில் அச்சிட்டவரும் அவர்தான்.

என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இன்னொன்று. தோரோ 1850-களில் கான்கார்டில் எந்தச் செடி எந்த நாளில் முதல் பூ விட்டது என்று வருஷா வருஷம் குறித்து வந்தார். ஒரு செடி பூக்கும் நாளைச் சரியாகத் தெரிந்துகொள்ள, நாலைந்து மைல் தள்ளி இருக்கும் அதைப் பார்க்கப் பதினைந்து நாளில் ஆறு தடவைகூடப் போவேன் என்று நாட்குறிப்பில் எழுதினார். நூற்றைம்பது வருஷம் கழித்துப் பாஸ்டன் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் அந்தக் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு அதே கான்கார்டில் செடி செடியாகத் தேடினார்கள். வழக்கமான பூக்கள் சராசரியாக ஒரு வாரம் முந்திப் பூக்கின்றன. பூமி சூடாவதை ஒரே ஒரு ஊரின் பூக்களை வைத்துக் காட்ட முடிந்தது. பட்டியலில் உள்ள செடிகளில் கால்வாசிக்கும் மேல் அங்கே இப்போது காணோம்.

நன்றி, வணக்கம்.